நாலு வருடம் நின்ற பவர் டில்லர் இன்ஜின்: எடைக்குப் போடுவதா, ஓட்டிப் பார்ப்பதா?

உச்சிப்புளி வாசகர் ஒருவர், ஜூலை 29

கடலிலிருந்து ரெண்டு கிலோமீட்டருக்குள் நாலைந்து வருடம் ஓடாமல் நின்ற டீசல் இன்ஜின் என்றால் அது பிணம். உப்புக்காற்று உள்ளே போய் பிஸ்டனும் லைனரும் ஒட்டிக்கொண்டிருக்கும். லேத்துக்குக் கொண்டுபோய், டீசல் பம்ப் மாற்றி, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற நாசில் மாற்றி ஆகிற செலவுக்கு ஓடுகிற பழைய வண்டியே வாங்கிவிடலாம். எடைக்குப் போடுவதுதான் புத்தி. இல்லை என்கிறவர் யாராவது ஓட்டிக் காட்டியது உண்டா?

ஆகஸ்ட் 2

உச்சிப்புளிக்காரருக்கு என் பதில்: ஓட்டிக் காட்டியதில்லை. ஆனால் எங்கள் தோப்பில் அப்படி ஒன்று நிற்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆற்றங்கரை என்கிற ஊருக்குப் பக்கம், வைகை கடலில் சேரும் இடம். சேரும்போது அதில் தண்ணீர் இருக்குமா என்பது வேறு கதை. 12 எச்பி டில்லர் (கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து உழுகிற சின்ன வண்டி), படுத்த சிலிண்டர், ஒற்றை சிலிண்டர், கைப்பிடி போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்வது. என்ன கம்பெனி என்று கேட்காதீர்கள், இங்கே சண்டை வரும்.

சின்னையா ஓட்டியது. அவர் மகள் வீட்டுக்கு மதுரை போய் நாலு வருடமாகிறது. அன்றிலிருந்து தென்னைக்கு நடுவில் ஓலைச்சாய்ப்பின் கீழ் நிற்கிறது. சாய்ப்பில் இப்போது ஓலை இல்லை, கம்பு மட்டும்தான்.

மானியத்தில் புதிது வாங்கலாமே என்று கீழே எழுதியிருக்கிறார்கள். வேளாண் பொறியியல் துறையில் கேட்டால் கொடுப்பார்கள், தெரியும். மீதிப் பணம் நான்தானே போட வேண்டும்? முதலில் இதைப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 4

கேள்வி கேட்டவர் சொன்னது சரிதான் போல. கைப்பிடியைப் போட்டுத் தொங்கிப் பார்த்தேன், இம்மி அசையவில்லை. டீகம்ப்ரஷன் லீவரை (வால்வைத் திறந்துவைத்துக் காற்று நசுங்காமல் பார்த்துக்கொள்வது) தூக்கிவிட்டுத்தான் சுற்றினேன், அதனால் கம்ப்ரஷன் தடுக்கிறது என்று சொல்ல முடியாது. மெயின் கியர் நியூட்ரல். பிஸ்டன் ஒட்டிவிட்டது.

நாசிலைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் டீசலும் பாதிப் பாதி கலந்து ஒரு டம்ளர் ஊற்றியிருக்கிறேன். நாளை பார்ப்போம்.

ஆகஸ்ட் 5

அசையவில்லை. இன்னொரு டம்ளர்.

ஆகஸ்ட் 6

அசையவில்லை. மச்சான் வந்து கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி மிதிக்கலாம் என்றான். வேண்டாம் என்று சொல்லித் தடுத்தேன். கனெக்டிங் ராடு வளைந்தால் நிஜமாகவே எடைக்குத்தான் போட வேண்டும்.

கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிறது. நாசில் ஓட்டையில் துணியை அடைத்து, மேலே உரச்சாக்கைப் போர்த்திக் கட்டிவைத்தேன். ஆடி மாதம் இன்ஜினைத் திறக்கிற முட்டாள் நான் ஒருவன்தான்.

ஆகஸ்ட் 7

தொண்டிப் பக்கத்து நண்பர் ஒருவர் நல்ல கேள்வி கேட்டார்: படுத்த சிலிண்டரில் எண்ணெய் ஊற்றினால் அது எங்கே நிற்கும்? கீழ்ப்பாதியில்தானே? மேல்பாதி காய்ந்தபடியேதானே இருக்கும்?

மூன்று நாளாக எனக்கு இது தோன்றவில்லை. நிமிர்ந்த இன்ஜினில் ஊற்றுகிறவர்களைப் பார்த்துப் பழகிய புத்தி. நீளமான மூக்கு உள்ள எண்ணெய்க் கேனால் ஓட்டைக்குள் மேல்பக்கமாகப் பீய்ச்சினேன். இன்னும் ஒரு டம்ளர் போனது.

"ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தீர்களா" என்று கேட்டவருக்கு: டீசல் இன்ஜினில் அது கிடையாது ஐயா. காற்றை இருபதில் ஒரு பங்காக நசுக்கினால் 500 டிகிரிக்கு மேல் சூடாகும், அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றும். நசுக்கம் சரியாக இருந்து டீசல் சரியான நேரத்தில் வந்தால் போதும். மற்றதெல்லாம் அலங்காரம்.

ஆகஸ்ட் 8, இரவு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன்.

சாயங்காலம் சின்னையாவுக்குப் போன் போட்டேன். கண் சரியாகத் தெரியவில்லை அவருக்கு, காது மட்டும் பாம்புக்காது. இன்ஜின் ஒட்டிக்கொண்டது, நாலு நாளாக எண்ணெய் ஊற்றுகிறேன் என்றேன்.

"பெல்ட்டக் கழட்டுனியாடா?" என்றார்.

"இல்ல சின்னையா. மெயின் கியர் நியூட்ரல்லதான் இருக்கு."

"ரோட்டரி?"

நான் பேசவில்லை.

"கத்தி மண்ணுக்குள்ள நிக்குதா, வெளிய நிக்குதா?"

டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ரோட்டரி (பின்னால் மண்ணைக் கிளறும் கத்தி உருளை) லீவர் கியரில். கத்திகள் ஒரு சாண் மண்ணுக்குள், அதைச் சுற்றிக் கோரைப்புல் வேர் விட்டிருக்கிறது. கிளட்ச் துருவில் பிடித்துக்கொண்டதால் விலகவில்லை. நான் நாலு நாளாகச் சுற்றப் பார்த்தது இன்ஜினை அல்ல, தோப்பை.

இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகிற வி பெல்ட்டுகளை உருவி எறிந்துவிட்டுக் கைப்பிடியைப் போட்டேன். லேசாக ஒரு முனகல், அப்புறம் சுற்றிவிட்டது. ஒரே கையால்.

ஆகஸ்ட் 4, 5, 6, 7 தேதிகளில் எழுதியதை அழிக்கவில்லை. கிடக்கட்டும்.

ஆகஸ்ட் 9

சிரித்தவர்கள் சிரித்து முடித்தாயிற்றா? சரி.

சின்னையா இன்னொன்றும் சொன்னார். கடைசியாக நிறுத்தும்போது பிஸ்டனைக் கம்ப்ரஷனுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாராம். அந்த இடத்தில் ரெண்டு வால்வும் மூடியிருக்கும், வெளிக்காற்று சிலிண்டருக்குள் புகாது. சைலன்சர் வாய்க்குக் கொட்டாங்குச்சி கவிழ்த்தாராம். "எங்க அது?" என்று கேட்டார். சைலன்சர் மேல் இல்லை. காலையில் தேடியபோது பத்தடி தள்ளிச் சருகுக்குள் கிடந்தது, உள்ளே மரவட்டைக் குடும்பம்.

ஏர் கிளீனரைத் திறந்தேன். அடியில் இருக்க வேண்டிய ஆயில் தார் மாதிரி இறுகிக் கிடந்தது. குழாய் வாயைக் குளவி மண்கூடு கட்டிச் சுத்தமாக அடைத்துவிட்டது. நாலு வருடம் உப்புக்காற்றைத் தடுத்தது இந்தக் குளவிதான். சம்பளம் கூடக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11

சுற்றுகிறது, ஆனால் கம்ப்ரஷன் இல்லை. நாசிலை மாட்டி, லீவரை இறக்கிவிட்டுச் சுற்றினாலும் கைப்பிடி ராட்டினம் மாதிரி ஓடுகிறது. நடுவில் ஒரு தடவை "டொக்" என்று மெல்லிய சத்தம். உடனே நிறுத்தினேன்.

பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் (போன வாரம் நான் முடிவு கட்டிய லட்சணம் தெரியும்தானே) மெதுவாகச் சுற்றச் சொல்லி மச்சானிடம் கொடுத்துவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். ஆயில் ஊற்றும் வாயில் சத்தமில்லை. சைலன்சரில் "புஸ்ஸ்". ரிங் வழியாகப் போனால் காற்று ஆயில் பக்கம் வரும். சைலன்சரில் வந்தால் புகை வால்வு மூடவில்லை.

வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் மூடியைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரிகிறது. புகை வால்வு இறங்கினது இறங்கினபடி நிற்கிறது, ஸ்பிரிங்கால் அதைத் தூக்க முடியவில்லை. அந்த "டொக்", பிஸ்டன் வால்வைத் தொட்ட சத்தம். குழாயைச் செருகி மச்சான் மிதித்திருந்தால் அன்றைக்கே வால்வு வளைந்திருக்கும். காற்று வால்வு மட்டும் வெண்ணெய் மாதிரி வேலை செய்கிறது. குளவி பக்கம் நல்ல பக்கம், கொட்டாங்குச்சி விழுந்த பக்கம் கெட்ட பக்கம். சைலன்சர் வழியாக மழை இறங்கியிருக்கிறது.

ஆக, உச்சிப்புளிக்காரர் கவனிக்கவும்: உப்புக்காற்றை விட ஐப்பசி மழைதான் இதில் குற்றவாளி.

ஆகஸ்ட் 13

வால்வுத் தண்டில் மண்ணெண்ணெய் சொட்டவிட்டு, சுத்தியலின் மரப்பிடியால் மேலே தட்டுவது, இடுக்கியால் லேசாகத் திருகுவது, மறுபடி சொட்டு. ரெண்டு நாள் ஆனது. பிறகு "டப்" என்று மேலே வந்துவிட்டது. வால்வு இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பார்த்து, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.25 மி.மீ. வைத்தேன். உங்கள் இன்ஜினுக்கு வேறாக இருக்கலாம், கையேட்டைப் பாருங்கள்.

இப்போது லீவரை இறக்கினால் கைப்பிடி சுவரில் மோதின மாதிரி நிற்கிறது. அழகு.

ஆகஸ்ட் 14

பாம்பனில் வல்லத்து (நாட்டுப்படகு) இன்ஜின் பார்க்கிற மெக்கானிக் ஒருவரிடம் நாசிலைக் காட்டப் போனேன். வல்லத்திலும் இதே ஜாதி ஒற்றை சிலிண்டர் டீசல்தான். உப்பு பற்றிய இந்த விவாதத்தை அவரிடம் சொன்னேன். அவர் சொன்னது: "எங்க இன்ஜின் தெனம் உப்புலயே கெடக்கு தம்பி. ஆனா தெனம் ஓடுது. உள்ள ஆயில் பூசிக்கிட்டே இருக்குதுல்ல? நிக்கிற இன்ஜினுக்குத்தான் வியாதி."

பிறகு இதுவும் சொன்னார்: பிப்ரவரியில் வாடை ஓய்ந்து கடல் படுத்ததும் தொழில் கூடும், அப்போது வந்திருந்தால் உங்களைத் திரும்பியே பார்த்திருக்க மாட்டேன்.

நாசில் டெஸ்டரில் போட்டு அழுத்தினார். பனி மாதிரிச் சிதற வேண்டியது, ஒற்றைத் தாரையாக ஒழுகியது. புது நாசில் போட்டாயிற்று. கையை முன்னால் நீட்டப் போனவனைத் தட்டிவிட்டார். நூறு மடங்கு காற்றழுத்தத்துக்கு மேல் வருகிற டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் ஏறிவிடும், முதலில் வலி பெரிதாகத் தெரியாது, அப்புறம் விரலை எடுக்க வேண்டி வரும். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16

டீசல் டேங்க். சின்னையா பாதி டேங்க் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் செய்த ஒரே தப்பு இதுதான் (போனில் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொள்ளவில்லை). பாதி காலியாக இருந்தால் பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் உள்ளே வேர்த்துத் தண்ணீர் அடியில் சேரும். டீசலும் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் நுண்ணுயிர் வளரும். கீழ் நட்டைத் திறந்தால் முதலில் துருத்தண்ணீர், அடுத்து பழைய இட்லி மாவு மாதிரிக் கறுப்பாக ஒரு வழவழப்பு, கடைசியில் டீசல்.

சரளைக்கல் ஒரு கை, டீசல் ஒரு லிட்டர் போட்டு மச்சானும் நானும் டேங்கைத் தொட்டில் மாதிரி ஆட்டினோம். நாலு தடவை. ஃபில்டர் புதிது.

ஆகஸ்ட் 17

டீசலுக்குப் பதிலாகப் புங்க எண்ணெய் ஊற்றலாமா என்று ஒருவர். 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியிருக்கிறது, ஆகவே கேள்வி பைத்தியக்காரத்தனமல்ல. ஆனால் தாவர எண்ணெய் கெட்டி. அப்படியே ஊற்றினால் நாசிலில் கரி கட்டும், ஃபில்டர் அடைக்கும். கடலை எண்ணெய் இன்று விற்கிற விலைக்கு அதை டில்லருக்கு ஊற்றினால் வீட்டில் என்னையும் சேர்த்து எடைக்குப் போடுவார்கள்.

ஆகஸ்ட் 19

முக்கியமான திருத்தம், தயவுசெய்து படியுங்கள்.

ஆகஸ்ட் 4 முதல் 7 வரை நான் ஊற்றிய டம்ளர் டம்ளரான எண்ணெய் எங்கே போனது? இன்று ஆயில் அளவுகோலை உருவினேன். மேல்கோட்டுக்கு இரண்டு விரல்கடை மேலே நிற்கிறது, தண்ணீர் மாதிரி. பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக எல்லாம் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலந்துவிட்டது.

இதோடு ஸ்டார்ட் செய்திருந்தால் ரெண்டு ஆபத்து. ஆயில் நீர்த்துப் பேரிங் தேயும், அது ஒன்று. மற்றது பெரியது: அதிகப்படி ஆயில் ஆவியாகிச் சிலிண்டருக்குள் உறிஞ்சப்பட்டால் இன்ஜின் அதையே டீசலாக எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். டீசலை மூடினாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும்.

தேவையே இல்லாத ஒரு வைத்தியம், அதனால் வந்த வியாதி. ஆயிலை மொத்தமாக இறக்கிப் புது ஆயில் ஊற்றி, ஐம்பது சுற்று கையால் சுற்றி, அதையும் இறக்கி, மறுபடி புதிது. ஏர் கிளீனர் வாயை மூடுகிற அளவுக்கு ஒரு பலகைத் துண்டும் வெட்டிவைத்தாயிற்று. முதல் ஸ்டார்ட்டுக்கு அது மச்சான் கையில் இருக்கும்.

ஆகஸ்ட் 20

தண்ணீர்த் தொட்டி. உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, விரல் கனம். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லெமன் சால்ட்டை (சிட்ரிக் அமிலம்) வெந்நீரில் கரைத்து ஊற்றினால் சோடா மாதிரிப் பொங்குகிறது. ஒரு மணி நேரம் வைத்து, இறக்கி, நல்ல தண்ணீரால் நன்றாக அலசினேன். அலுமினிய பாகம் இருந்தால் அதிக நேரம் ஊறவிடாதீர்கள். இனிமேல் மழைத்தண்ணீர் மட்டும். மொட்டை மாடியில் பிடித்து வைத்தது ரெண்டு கேன் இருக்கிறது. வீட்டில் பருப்பு வேக வைக்க என்று வைத்திருந்தது, நான் கேட்டுத்தான் எடுத்தேன் என்று இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

ஆகஸ்ட் 22

டீசல் ஊற்றி, குழாயில் சிக்கியிருந்த காற்றை வெளியே எடுத்தேன். முதலில் ஃபில்டர் மேல் ஸ்குரு, குமிழி நிற்கும் வரை. அடுத்தது பம்ப் வாய். அப்புறம் நாசில் பக்க நட்டைத் தளர்த்திவிட்டுச் சுற்ற வேண்டும்.

ஃபில்டரில் வந்தது, பம்ப் வாயில் வந்தது, நாசில் பக்கம் ஒரு சொட்டு இல்லை. பம்ப் ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பல்சட்டம்) பிடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்து மூடியைத் திறந்து டீசலில் ஊறவிட்டு, விரலால் மட்டும் தள்ளித் தள்ளி விடுவித்தேன். இடுக்கி போடவில்லை. என்னிடமும் கொஞ்சம் முன்னேற்றம்.

இருட்டும்போது கைப்பிடியைச் சுற்றினால் "கிரிச்... கிரிச்..." நாசில் டீசலைப் பீய்ச்சிக் கத்துகிறது. அந்தச் சத்தம் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். ஸ்டார்ட் நாளைக்கு. வெளிச்சத்தில்.

ஆகஸ்ட் 23

ஓடியது!

கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும், சுற்றிப் பிடிக்காதீர்கள். உதைத்தால் விரல் போகும். லீவரைத் தூக்கி, ஏழெட்டுச் சுற்று வேகம் கூட்டி, லீவரை விட்டேன். முதல் தடவை வெள்ளைப் புகை ஒரு குமிழ். ரெண்டாவது தடவை அதே. மூன்றாவது தடவை "டுப்" என்றது, நின்றது. ஐந்தாவது தடவை பிடித்துக்கொண்டது.

ஒன்று சொல்ல மறந்தேன். பழைய கொட்டாங்குச்சி தொலைந்த கதையால் புதிதாக ஒன்றை ஓட்டை போட்டுக் கயிற்றால் சைலன்சரில் கட்டியிருந்தேன். ஸ்டார்ட் செய்யும் அவசரத்தில் அதை எடுக்கவில்லை. முதல் வெடிப்பில் அது கயிறு நீளத்துக்குப் பறந்து, திரும்பி வந்து சைலன்சரில் அடித்து, மறுபடி பறந்து, ஒவ்வொரு வெடிப்புக்கும் "டங் டங்" என்று கோயில் மணி. மச்சான் பலகையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கிறான். அந்த நேரம் இன்ஜின் தறிகெட்டிருந்தால் என் கதி என்ன?

வெள்ளைப் புகை ரெண்டு நிமிடத்தில் தெளிந்தது. கொஞ்ச நேரம் நீலம், சிலிண்டரில் மிச்சமிருந்த ஆயில். பத்தாவது நிமிடம் புகையே இல்லை.

ஆகஸ்ட் 24

ஒரு குறை. வேகம் தானாக ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது. வேகத்தைச் சீராக வைக்கிற கவர்னரின் ஸ்பிரிங்தான் என்று நினைத்துக் கழற்றப் போனேன். பட்டது போதும் என்று முதலில் சின்னையாவுக்குப் போன் போட்டு, போனை இன்ஜின் பக்கம் பிடித்தேன். அரை நிமிடம் கேட்டார்.

"கவர்னரத் தொடாத. டீசல்ல காத்து வருது. வாசர் மாத்துனியா?"

டீசல் குழாய் இணைப்பில் பழைய செப்பு வாசரையே திரும்பப் போட்டிருந்தேன். மதுரையிலிருந்து காதால் பார்க்கிறார் மனுஷன்.

ஆகஸ்ட் 25

செப்பு வாசர் ஒரு தடவை நசுங்கினால் இறுகிவிடும், மறுபடி சரியாக உட்காராது. செந்நிறம் வரும் வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மெத்தென்று ஆகிவிடும். எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இறுகும், செம்புக்கு அப்படி இல்லை. கேஸ் அடுப்பில் காய்ச்சினேன். அடுப்படியில் டீசல் நாற்றம் என்று காலைச் சாப்பாடு தாமதமானது.

மாட்டிக் காற்று எடுத்து ஓட்டினேன். ஒரே சீராக ஓடுகிறது. ஒன்றரை மணி நேரம் ஓடியது, தண்ணீர் மட்டும் ஒரு தடவை ஊற்றினேன்.

செப்டம்பர் 3

கேட்டவர்களுக்காக: நாசில், ஃபில்டர், ஆயில் ரெண்டு தடவை, டீசல், லெமன் சால்ட், பெல்ட் எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம். கூலி போடவில்லை, மச்சானுக்குப் பரோட்டா போட்டேன். கிளட்ச் பிளேட்டைக் கழற்றி உப்புத்தாள் தேய்த்ததில் விலகிவிட்டது.

உச்சிப்புளிக்காரர் எழுதியிருக்கிறார்: "உங்கள் சின்னையா கம்ப்ரஷனில் நிறுத்தி, குளவி கூடு கட்டியதால் பிழைத்தது. என்னுடையதை வாசலில் அப்படியே விட்டுவிட்டேன். என்னுடையது பிணம்தான்." இருக்கலாம். உங்களுடையதை நான் பார்க்கவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பார்த்தீர்களா என்று மட்டும் சொல்லுங்கள்.

செப்டம்பர் 5

அவர் பதில் எழுதவில்லை.

செப்டம்பர் 6

எழுதிவிட்டார். "பெல்ட்டைக் கழற்றினேன். சுற்றுகிறது. யாரிடமும் சொல்லாதீர்கள்."

செப்டம்பர் 21

தென்னைக்கு நடுவில் கோரையும் நெருஞ்சியும் புரட்டிப் போட்டாயிற்று. 25 அடி இடைவெளியில் டிராக்டர் திரும்பினால் அடிமரத்தில் இடிக்கும், டில்லர் சுகமாகப் போகிறது. ஐப்பசி மழைக்கு முன் இன்னொரு ஓட்டு ஓட்ட வேண்டும்.

ரெண்டு பேர் விலை கேட்டிருக்கிறார்கள். விற்பதற்கில்லை. 6.00-12 டயர் ரெண்டு, வெடிப்பு இல்லாமல், ராமநாதபுரம் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். என்னுடையது முந்தாநாள் மணலில் உட்கார்ந்துவிட்டது, டில்லர் இப்போது வேறொரு தென்னைக்கடியில் நிற்கிறது. கொட்டாங்குச்சி போட்டுத்தான் வைத்திருக்கிறேன். டேங்க் நிறைய டீசல்.